ஏழு இடத்து மண்

தாலுகா ஆபீஸ் படியேறும்போதெல்லாம் பெரியம்மாள், "முருகா, இன்னைக்கு இன்னா கேக்கப் போறாங்களோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவாள். ஏழு வருஷமாக இதே வழக்கம். ஓடையந்தாங்கல் கிராமத்துக்கு அவள் தலையாரி. காகிதத்தில் கிராம உதவியாளர் என்று போட்டிருக்கும். ஊரில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புருஷன் சின்னக்கண்ணு தலையாரியாக இருந்து மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது, கருணை அடிப்படையில் வேலை அவளுக்கு வந்தது. நைனார்பாளையத்தில் பிறந்த வீட்டில் எட்டாவது வரை படிக்கவைத்திருந்தது அன்றைக்கு உதவிற்று.

ஏரியில் எத்தனை அடி தண்ணீர், மழையில் யார் வீட்டுச் சுவர் விழுந்தது, எந்தப் புறம்போக்கில் எவர் மரவள்ளி நட்டிருக்கிறார் என்பதெல்லாம் அவள் வாய்வழியாகத்தான் ஆபீசுக்குப் போக வேண்டும். போய்ச் சொன்னால், "எழுத்துல குடும்மா" என்பார்கள். எழுத்தில் கொடுத்தால், "நேர்ல வந்து சொல்லாம இன்னாத்துக்கு எழுதிக்கினு இருக்கிற?" என்பார்கள். தலையாரி வேலை மத்தளம் மாதிரி. இரண்டு பக்கமும் அடி.

இத்தனை வேலையோடு, எந்த அரசாணையிலும் இல்லாத ஒரு வேலையும் சின்னக்கண்ணு வீட்டுக்குப் பரம்பரையாக வந்தது. பேர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளைகளையும் வயிற்றிலேயே போய்விட்டவற்றையும் அந்த ஊரில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஏரிக்கரை இலுப்பை மரத்துக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. தலையாரிதான் அங்கே தூக்கிப்போய்ப் புதைக்க வேண்டும், பெற்றவர்கள் கூட வரக் கூடாது. ஓரிடத்தில் புதைத்துவிட்டு ஏழு இடத்தில் மண்ணைக் கொத்தி, ஏழிலும் இலந்தை முள்ளைப் போட்டுக் கல்லை வைத்துவிட்டு வர வேண்டும். "நாய்க்கும் தெரியக் கூடாது, தாய்க்கும் தெரியக் கூடாது" என்பார்கள். தாய்க்குத் தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாளாம், அடுத்த பிள்ளை தங்காதாம். மூன்றாம் நாள் அவள் தன் பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். தலையாரி அதை வாங்கிப்போய், ஏழில் எது சரியான இடமோ அதில் ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டும்.

இந்த முறையின் மேல் பெரியம்மாளுக்குத் தீராத கோபம் உண்டு. கல்யாணமான இரண்டாம் வருஷம், மகள் அம்சவள்ளி பிறப்பதற்கு முன்னால், ஏழாம் மாதத்தில் அவளுக்கு ஒன்று தவறியது. சின்னக்கண்ணுதான் துணியில் சுற்றித் தூக்கிப்போனான். பெற்ற அப்பனாக இருந்தும் அவன் தலையாரி ஆயிற்றே! எங்கே வைத்தாய் என்று இருபத்தைந்து வருஷம் கேட்டாள். சண்டை போட்ட அன்றும் கேட்டாள், கொஞ்சிக் குலாவிய அன்றும் கேட்டாள். "சோத்தப் போடு" என்பான். அவ்வளவுதான் பதில். அப்படியே செத்தும் போனான். மகராசன், முறை மட்டும் தவறவில்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில்தான் இந்தக் கூத்து நடந்தது.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கிவந்து, ஓடையந்தாங்கலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஜோடி, வேடியப்பனும் செவ்வந்தியும். அரங்கநாதனின் மோட்டார் கொட்டகையை ஒட்டிக் குடிசை. செவ்வந்திக்கு இருபத்தைந்தாம் வாரத்தில் வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை உயிரில்லாமல் வந்தது. பெண் பிள்ளை. அங்கிருந்த நர்ஸ், "எங்ககிட்ட விட்டா மஞ்சள் உறையில போட்டு வண்டியில அனுப்பிடுவோம். உங்களுக்கு வேணும்னா எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க" என்று தன்மையாகத்தான் சொன்னாள். வண்டி எங்கே போகும் என்று வேடியப்பன் கேட்டான். எரிக்கிற இடத்துக்கு என்றாள். அவன் பெருவிரலை உருட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டான். மலைக்குக் கொண்டுபோகத்தான் ஆசை. பஸ்ஸில் யாராவது பார்த்துப் பாதிவழியில் இறக்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மாள் வாசலில் வந்து நின்றான்.

"தலையாரிம்மா, எங்களுக்கு இங்க மண்ணு இல்ல. உங்க ஊரு வழக்கப்படியே வச்சிடுங்க" என்றான்.

அவள் வைத்தாள். ஏழு இடத்தில் கொத்தி, முள்ளைப் போட்டு, ஏரியில் முங்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இங்கேதான் அரங்கநாதன் வருகிறார். ஊரில் நிலம் நீச்சு உள்ளவர், மாரியம்மன் கோயில் திருப்பணிக்குழுத் தலைவர். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். யாகசாலைப் பந்தலுக்கு அவர் பார்த்து வைத்திருந்த இடம் இலுப்பை மரத்தடி. குருக்கள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, பூமிக்குள் எலும்பு கிடந்தால் அது சல்லிய தோஷம், எடுத்துப் போட்டுச் சுத்தி செய்யாமல் ஓமம் வளர்க்கக் கூடாது என்று சாஸ்திரத்தைச் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அரங்கநாதனுக்கு அந்த மேட்டின் சங்கதி அதுவரை தெரியாதா என்றால், தெரியும். ஊர் ஆண்களுக்கு அது தெரியும், ஆனால் தெரியாது. பெண்கள் பேசிக்கொள்கிற விஷயம் என்று விட்டிருந்தார்கள். இப்போது மலைக்காரப் பெண்ணின் பிள்ளை என்றதும் ஞாபகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீசுக்குப் போய், கோயில் நிலத்தருகே சட்டவிரோதமாகப் பிணம் புதைத்துவிட்டார்கள், தோண்டி அப்புறப்படுத்த வேண்டும் என்று மனு கொடுத்துவிட்டார். மனு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. ஏறியதற்குப் பதில் ஏறாமல் இறங்காது.

அன்று சாயங்காலமே வி.ஏ.ஓ. ராஜாங்கம் போனில் கூப்பிட்டார். சின்ன வயசு, நல்ல பையன், பயந்தவன்.

"பெரியம்மா, எந்த இடம்னு காட்டிடுங்க. முடிஞ்சுது வேல."

"காட்டக் கூடாதுங்க சார்."

"யாரு சொன்னது?"

"எங்க மாமனாரு, அவுரு அப்பாரு, எல்லாரும்."

"அவங்க இப்ப எந்த ஆபீஸ்ல இருக்காங்க?" என்றார் ராஜாங்கம். எரிச்சலில் அவருக்கும் நகைச்சுவை வரும்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நாள். விடிந்ததும் பெரியம்மாள் செவ்வந்தியின் குடிசைக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பிள்ளை இல்லை என்று பாலுக்கு யார் போய்ச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு டம்ளரில் பீய்ச்சிக் கொடுத்தாள்.

"தோண்டிடுவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன் இல்ல" என்றாள் பெரியம்மாள். சொல்லிவிட்டாளே தவிர, எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

ஏரிக்கரையில் ஒரு ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அரங்கநாதன். கொஞ்சம் தள்ளி, பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் செல்லமுத்து பைக்கில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ காட்ட வேணாம் பெரியம்மாளு. ஏழு இடந்தானே? ஏழையும் வாரிப் போட்டுடறேன்" என்றார் அரங்கநாதன்.

பெரியம்மாள் டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். "ஆர்டரு இருக்குதுங்களா?"

"மனு குடுத்திருக்கேன்."

"மனு நீங்க குடுத்தது. ஆர்டரு அவுங்க குடுக்கணும். பொதைச்சத தோண்டணும்னா தாசில்தார் கையெழுத்து வேணும். இல்லன்னா கேசு. கேளுங்க, போலீஸ்காரரு இங்கதான் நிக்கிறாரு."

செல்லமுத்து நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "ஆர்டர் வர்ற வரைக்கும் யாரும் கிட்டப் போவக் கூடாது" என்று பொதுவாகச் சொன்னார்.

"நானு?"

"நீங்க தலையாரி. காவலுக்கு நீங்க போலாம்."

அது போதும் அவளுக்கு. காவல் காக்கிற மாதிரியே மேட்டைச் சுற்றிவந்தாள். ஏழு முள்ளுக்கும் பக்கத்தில் நின்றாள், ஏழிடத்திலும் குனிந்து கல்லைச் சரிசெய்தாள். ஓரிடத்தில் மட்டும் முந்தானைக்கு அடியிலிருந்த டம்ளர் சாய்ந்தது. அரங்கநாதன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்ன பிரயோசனம்? வாடகைக்கு வந்த ஜேசிபி சும்மா திரும்பிப் போயிற்று.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு நாய் படாது. தாலுகா ஆபீசில் குமாஸ்தா ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்தஞ்சு வாரம்னு இருக்குதே. இருபத்தெட்டு வாரம் ஆனாத்தான் செத்துப் பொறந்ததா பதிவு பண்ணுவாங்க. இது பதிவே ஆவல. பதிவு இல்லன்னா பொணம் இல்ல. இல்லாத பொணத்தத் தோண்டச் சொல்லி எப்டிம்மா ஆர்டர் போடறது?"

"அப்ப வுட்டுடலாமுங்களா சார்?" என்றாள் ஆசையாக.

"எப்டி வுடறது? மனு ஏறிப்போச்சே. அதோட, பொணம் இல்லன்னா அது ஆஸ்பத்திரிக் கழிவு. கழிவ ஊர்ல பொதைக்கக் கூடாது. அதுக்கு வேற சட்டம்."

பெரியம்மாளுக்கு உச்சந்தலையில் சூடேறியது. கோயிலுக்குப் போனால் எலும்பு, தோஷம். ஆபீசுக்கு வந்தால் ஒன்றுமேயில்லை. இங்கேயே இன்னும் கொஞ்சம் நின்றால் குப்பை. ஒரு பெண் ஆறு மாதம் சுமந்தாளே, அதை எந்த ஃபாரத்தில் எழுதுவது என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்டால், "அதுக்குத் தனியா விண்ணப்பம் குடு" என்பார்கள். 

கடைசியில் குமாஸ்தா ஒரு வழி கண்டுபிடித்தார். வியாழக்கிழமை தாசில்தார் நேரில் விசாரணைக்கு வருவார். அதற்குள் அந்த மேட்டில் என்னென்ன புதைக்கப்பட்டிருக்கிறது, யாருடையது, எப்போது என்று கிராம உதவியாளர் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். இதை அவர் வேலையைத் தள்ளிவிடத்தான் சொன்னார். பெரியம்மாளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரமாக அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். சின்னசேலம் தாண்டியதும்தான் சட்டென்று திட்டுவதை நிறுத்தினாள்.

புதன்கிழமை காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் போய் நின்ற முதல் வீடு அரங்கநாதனுடையது. அவர் கோயில் வேலையாகக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா லட்சுமியம்மாள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எண்பதைத் தொட்டுவிட்டாள், காது மட்டும் கூர்மை.

"அம்மா, கவர்மெண்டு கணக்கு. ஏரிக்கரை மேட்டுல ஒங்களுது எத்தினின்னு எழுதிக்கினு போவ வந்தேன்" என்றாள் பெரியம்மாள்.

உரித்த கை நின்றது. கிழவி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அறுபது வருஷமாக யாரும் கேட்டிராத கேள்வி.

"ரெண்டு" என்றாள். "அரங்கநாதனுக்கு மூத்தது ஒண்ணு. எளையது ஒண்ணு. மூத்தது ஆம்பளப் புள்ள. எளையது இன்னான்னு எனக்குக் காட்டல. ஒங்க மாமனாருதான் தூக்கிக்கினு போனாரு."

"எழுதிக்கட்டுமுங்களா?"

"எழுது. நல்லா தெரியற மாதிரி எழுது" என்று சொல்லி, நோட்டை வாங்கித் தன் பேரைக் கோணல்மாணலாகத் தானே எழுதினாள். எழுதி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மணிலாக்கொட்டை அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு பெரியம்மாள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. செய்தி அவளுக்கு முன்னால் ஓடியது. களைவெட்டப் போன கொளஞ்சியம்மாள் வரப்பிலிருந்து கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணு, எங்க மாமியாளுக்கு மூணு" என்றாள். ரேஷன் கடை வரிசையில் நின்ற பாப்பாத்தி, வரிசையை விட்டுவிட்டு வந்து சொன்னாள். சிலர் அழுதார்கள். சிலர், "இப்ப வந்து கேக்கிறியே, அப்ப எங்கடி போன?" என்று இவள்மேல் பாய்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் முப்பத்தாறு ஆகிவிட்டது. செவ்வந்தியுடையதையும் சேர்த்துத்தான் முப்பத்தாறு. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, முப்பத்தேழு என்று எண் போட்டு, தன் பேரை எழுதினாள். எழுத ரொம்ப நேரம் ஆயிற்று.

வியாழக்கிழமை ஜீப் வந்தது. தாசில்தார் இலுப்பை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முந்தின நாள் எங்கோ ஆக்கிரமிப்பு அகற்றப்போய் வெயிலில் காய்ந்த களைப்பு முகத்தில் இருந்தது. குருக்கள், அரங்கநாதன், ராஜாங்கம், செல்லமுத்து எல்லாரும் சுற்றி நின்றார்கள். வேடியப்பன் தூரத்தில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். ஊர்ப் பெண்கள் ஒருவரும் கூப்பிடாமலே கரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தாசில்தார் பட்டியலை வாங்கி வாசிக்க ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு. லட்சுமியம்மாள், வயசு எண்பது, கதவு எண் ரெண்டு பார் பதினாலு."

"எந்த லட்சுமியம்மாளு?" என்றார் அரங்கநாதன்.

கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவருடைய கதவு எண் அவருக்கே ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தாசில்தார் முப்பத்தேழையும் வாசித்து முடித்தார். "சாமி, ஒரு எலும்ப எடுத்தாப் போதுமா, எல்லாத்தையும் எடுக்கணுமா?" என்று குருக்களைக் கேட்டார்.

"சாஸ்திரப்படி எல்லாத்தையும்" என்றார் குருக்கள் சன்னமான குரலில்.

"அப்ப முப்பத்தேழு மனு, முப்பத்தேழு ஆர்டர், ஒவ்வொண்ணுக்கும் டாக்டர், போட்டோகிராபர். அடுத்த வருஷக் கும்பாபிஷேகத்துக்குப் பாக்கலாம். இன்னா சொல்றீங்க?" என்று அரங்கநாதனைப் பார்த்தார்.

அரங்கநாதன் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பந்தல பள்ளிக்கூட மைதானத்துல போட்டுக்கறோம்" என்றார். உடனே கோபம் வந்து, யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பந்தல்காரனைப் போட்டுக் கத்தினார்.

ஜீப் கிளம்பியபின் அவர் பெரியம்மாளிடம் வந்தார். "எங்கம்மாவோடது எந்தப் பக்கம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்க மாமனாரு செத்து முப்பது வருஷம் ஆவுதுங்க" என்றாள். அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததே என்று தன்மேல் எரிச்சலும் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் அது அரசாங்கம் ஆகுமா? கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்து, பொங்கல் தின்ற கை காய்வதற்குள் ராஜாங்கம் ஒரு கடிதத்தோடு வந்தார். மனுவைக் கம்ப்யூட்டரில் முடித்துவைக்க வேண்டுமாம். பட்டியலில் கண்ட முப்பத்தேழின் இருப்பிடத்தையும் தனித்தனியாகக் குறித்து ஏழு நாளுக்குள் அறிக்கை தர வேண்டுமாம்.

"அட கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பெரியம்மாள்.

"பழசு தெரியலன்னா வுடுங்க. நீங்க வேலைக்கு வந்தப்புறம் பொதைச்சது ஆறு இருக்குதே, அதையாவது எழுதுங்க பெரியம்மா. அந்த மலைக்காரப் பொண்ணோடது நிச்சயமா உங்களுக்குத் தெரியும். எழுதலன்னா மெமோ வரும். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் ராஜாங்கம்.

இடம் காகிதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு யாகசாலை, நாளைக்குச் சமுதாயக்கூடம், அதற்கடுத்த நாள் ரோடு. இந்த முறை இடம் தெரியாததால்தான் ஜேசிபி திரும்பிப்போனது. ஆபீசுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தது செவ்வந்திக்கும் தெரியும். அந்தப் பெண் கரும்பு வெட்டப் போகாமல் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள். பெரியம்மாளுக்குத் தன் பிள்ளையின் இடம் தெரிந்திருந்தால் அவளும் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கும் போய் உட்காருவாள்.

அன்று மத்தியானமே எழுதி முடித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே வாசகம்: இடம் தெரியவில்லை. தன் பேருக்கு நேரேயும் அதுதான், செவ்வந்தி பேருக்கு நேரேயும் அதுதான். ஏழு வருஷ வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அது. அதன் கீழேயே கையெழுத்துப் போட்டாள்.

ராஜாங்கத்திடம் கொடுத்துவிட்டு வரும் வழியில், மோட்டார் கொட்டகை ஓரம் செவ்வந்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பாதி பிழிந்த துணியோடு எழுந்து வந்து வழியை மறித்து நின்றாள்.

"அக்கா, யார் கிட்டயும் சொல்ல மாட்டேன். மேட்டுல எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுக்கா. வெறுமன அந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்கிறேன்."

பெரியம்மாளின் இருபத்தைந்து வருஷக் கேள்வி அப்படியே எதிரில் நின்றது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"சோறு தின்னியா?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. "பாவி மனுசா" என்று செத்துப்போன சின்னக்கண்ணுவை முணுமுணுவென்று திட்டினாள். பிறகு செவ்வந்தியின் கையிலிருந்த துணியை வாங்கி மிச்சத்தைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, அவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள்.